மருத்துவச்சியும் மின்நூலகமும்

ஒரு போன் அழைப்பிலிருந்து இந்தக் கட்டுரையைத் தொடங்க வேண்டியிருக்கிறது. ராஜபாளையத்துக்குக் கிழக்கே ஒரு துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியராக இருக்கிற என் பெரியம்மா மகள் ஒரு ராத்திரி கூப்பிட்டாள். அவள் பகுதியில் ஒரு பெண் நாலு மாதம் முழுகாமல் இருக்கிறாள். வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவள். பிள்ளைக்கு ஆகாது, நிறுத்து என்று மாமியார் சொல்கிறாள். சட்டென்று நிறுத்தினால் வலிப்பு திரும்பும் என்பது அக்காவுக்குத் தெரியும், பயிற்சியில் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் எந்த மாத்திரை பிள்ளையைப் பாதிக்கும், எது பரவாயில்லை, மாமியாரிடம் எதைச் சொல்லி நம்ப வைப்பது? மேலே கேட்டாளாம். ‘ரெஃபர் பண்ணுங்க’ என்று ஒரு சொல்லில் முடிந்துவிட்டது. அவளும் எழுதி அனுப்பிவிட்டாள். ஆனாலும் மனசு கேட்கவில்லை. “தம்பி, நீ எம்.ஏ. படிச்சவன்ல, நெட்டுல பாத்துச் சொல்லேன்” என்கிறாள்.

நான் படித்தது தமிழ் எம்.ஏ. என்றாலும் உட்கார்ந்து தேடினேன். வாஷிங்டன் பக்கத்தில் இருக்கும் அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் பப்மெட்டில் கட்டுரைகள் வரிசையாக வந்தன. தலைப்பும் சுருக்கமும் இலவசம். பலவற்றில் முழுக்கட்டுரைக்குப் போனால் டாலர் கேட்டது, அல்லது உன் நிறுவனத்தின் பெயரைச் சொல் என்றது. நிறுவனம் என்று எதைச் சொல்வது? இரண்டு அறையும் ஒரு எடைபார்க்கும் மெஷினும் உள்ள துணை சுகாதார நிலையம் அந்தப் பட்டியலில் எந்த எழுத்தில் வரும்?

இந்த வாசற்படி நேற்றுப் போட்டதல்ல. சுகாதார ஊழியர் என்றால் யார், அவருக்கு எந்த அளவு அறிவு போதும் என்று யார் தீர்மானிக்கிறார்கள் என்ற கேள்விக்குத் தமிழில் குறைந்தபட்சம் நூற்றைம்பது வருஷ வரலாறு உண்டு.

சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847-இல் அமெரிக்க மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்து, அடுத்த ஆண்டு மானிப்பாயில் மருத்துவ வகுப்பைத் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் கிராமத்தில் தங்குவதில்லை, சர்க்கார் உத்தியோகத்துக்குப் போய்விடுகிறார்கள் என்று கண்டு 1860களில் வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார். அதற்குப் புத்தகம் வேண்டுமே. மான்செல்லின் பிரசவ நூல் 1857-இல் ‘பிரசவ வைத்தியம்’ ஆயிற்று. ட்ரூயிட்டின் அறுவை நூல் 1867-இல் ‘இரண வைத்தியம்’. 1858-இல் லண்டனில் வெளிவந்த கிரேயின் உடற்கூற்று நூல் 1872-இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்று தமிழில் கிடைத்தது, வெறும் பதினாலு வருஷ இடைவெளியில். வேதியியல் நூலான ‘கெமிஸ்தம்’ 1875-இல் நாகர்கோவில் மிஷன் அச்சகத்தில் அச்சாயிற்று. 1873-இல் ஊர் திரும்பிய பிறகும் 1884-இல் சாகும்வரை அமெரிக்காவில் உட்கார்ந்து தமிழ் மருத்துவ நூல் வேலையை அவர் விடவில்லை.

கிறீனைக் கொண்டாடுவது நம் தமிழ்ப் பேராசிரியர்களுக்கு எளிது. கலைச்சொல் முன்னோடி என்று ஒரு சால்வையைப் போர்த்திவிட்டு நகர்ந்துவிடுவார்கள். எனக்கு அந்தப் புத்தக வரிசையில் உறுத்துவது வேறு. அந்தத் தமிழே வடமொழி மினுக்கும் தமிழ், ‘சுகரணம்’, ‘அங்காதிபாதம்’ என்று. அதுகூடப் போகட்டும். ‘பிரசவ வைத்தியம்’ அச்சான காலத்தில் தமிழ்ப் பெண்களுக்குப் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மருத்துவச்சிகள். பெரும்பாலும் நாவிதர் சாதிப் பெண்கள். வாசல்வழி வராமல் கொல்லைவழி வந்து தீட்டைச் சுமந்துகொண்டு போனவர்கள். மானிப்பாய் வகுப்பில் உட்கார்ந்து அந்த நூலைப் படித்தவர்கள் ஆண்கள். அதாவது தமிழில் வந்த பிறகும் நூல் அந்த வேலையைச் செய்கிற கைக்குப் போய்ச் சேரவில்லை. ஆங்கிலம் ஒரு கதவு. அதற்குப் பின்னால் சாதி ஒரு கதவு, ஆண் என்பது இன்னொரு கதவு. மொழிபெயர்ப்பால் முதல் கதவைத்தான் திறக்க முடிந்தது. கிறீன் போனபின் அதுவும் சாத்திக்கொண்டது.

மிஷல் ஃபூக்கோ மருத்துவமனையின் பிறப்பைப் பற்றி 1963-இல் எழுதியதை நம் சிறுபத்திரிகைகள் போதுமான அளவு மேற்கோள் காட்டிவிட்டன. மருத்துவப் பார்வை நோயாளியின் உடலை எப்படிப் படித்தது என்பது அதில் இருக்கிறது. படிக்க அனுமதிக்கப்படாத, ஆனால் தொட அனுமதிக்கப்பட்ட கைகளைப் பற்றிய கோட்பாட்டை நாம்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

மருத்துவச்சியின் இடத்தில் அரசு கொண்டுவந்து வைத்தவர்தான் செவிலியர். 1973-இன் கர்த்தார் சிங் குழு அறிக்கைக்குப் பிறகு பல்நோக்கு சுகாதாரப் பணியாளர் என்ற பிரிவு உருவாக்கப்பட்டது. தமிழகத்தில் அந்தப் பெண் கிராம சுகாதார செவிலியர் ஆனார். அவருக்குத் தரப்பட்ட நூலகம் என்ன? பதிவேடுகள். தாய் சேய் பதிவேடு, தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு, தடுப்பூசிப் பதிவேடு. இவை வாசிக்கக் கொடுத்தவை அல்ல, நிரப்பக் கொடுத்தவை. இப்போது பதிவேடு போனுக்குள் போய்விட்டது. கர்ப்பம் தரித்தால் ‘பிக்மி நம்பர்’ போட வேண்டும். அது இல்லாமல் உதவித்தொகை இல்லை, பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் கேட்பார்கள். அக்கா பகலில் வீடு வீடாகப் போகிறாள், ராத்திரி பத்து மணிக்கு மேல் சிக்னல் கிடைக்கிற மொட்டைமாடியில் நின்று ரத்த அளவும் எடையும் ஏற்றுகிறாள். தகவல் மேலே போகிற பாதை ஒருநாளும் பணம் கேட்பதில்லை, நிறுவனப் பெயர் கேட்பதில்லை. அதே கம்பியில் நூல் கீழே வருவதற்குத்தான் ஆயிரம் நிபந்தனை.

பிரசவ ஜன்னிக்கு எந்த மருந்து மேல் என்ற பல நாட்டு ஆய்வின் முடிவு 1995-இல் லண்டனின் ‘லான்செட்’ இதழில் வந்தது. மெக்னீசியம் சல்ஃபேட்தான் மேல் என்று நிறுவிய ஆய்வு. உலகம் முழுக்க எத்தனையோ தாய்களைப் பிழைக்க வைத்திருக்கிறது, அதில் சந்தேகமில்லை. அதில் பங்கேற்ற 1,687 பெண்களில் இந்தியப் பெண்களும் இருந்தார்கள். நம் பெண்களின் உடல் அந்த அறிவுக்குள் இருக்கிறது. அந்த இதழ் எந்தத் துணை சுகாதார நிலையத்து அலமாரிக்கு வந்தது?

திறந்துவிடும் முயற்சிகள் நடக்காமலில்லை. 1879-இல் அமெரிக்க ராணுவ மருத்துவ நூலகர் ஜான் ஷா பில்லிங்ஸ் தொடங்கிய மாதாந்தர மருத்துவச் சுட்டி, கணினிக்குப் போய், 1997-இல் எவரும் தேடலாம் என்று ஆயிற்று. 2002-இல் உலக சுகாதார நிறுவனம் பதிப்பாளர்களோடு பேசி ஏழை நாடுகளுக்கு இதழ்களை இலவசமாகத் தரும் ‘ஹினாரி’ திட்டத்தைத் தொடங்கியபோது இந்தியா அதில் சேர்க்கப்படவில்லை. இங்கே வாங்குவதற்குச் சந்தை இருந்ததுதான் சங்கடம். 2007-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் காக்ரேன் நூலகத்துக்கு நாடு முழுவதற்குமாகச் சந்தா கட்டியது. கடவுச்சொல் இல்லாமல் எவரும் படிக்கலாம் என்ற அந்த ஏற்பாடு, நான் அறிந்தவரை மிகவும் நாகரிகமான ஒன்று. ஆனால் அக்காவுக்கு அது இருந்ததென்றே யாரும் சொல்லவில்லை.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ‘ஒரே நாடு ஒரே சந்தா’வுக்கு ஒப்புதல் தந்தது. மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பாளர்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள், 6,300-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள். அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனங்களுக்கும் உரியது. 2022-இல் திறந்த விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மாணவருக்குக் கதவு திறக்கும். அங்கே நோயாளியை அனுப்பிவைக்கிற செவிலியருக்குத் திறக்காது. நம் பணம்தான், பொதுப்பணம்தான். ‘ஒரே நாடு’ என்பதில் துணை சுகாதார நிலையம் எந்த நாடு என்று கேட்கத் தோன்றுகிறது. ஏறத்தாழ ஒன்பது மாதம் கழித்து, 2025 ஆகஸ்டில், தில்லி உயர்நீதிமன்றம் சை-ஹப்பை முடக்க உத்தரவிட்டது. கொல்லைவழியும் அடைபட்டது.

வேறு மாதிரியும் செய்யலாம். இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவையில் ஊழியர் எவரும், மருத்துவர் என்றில்லை, செவிலியரும் வார்டு உதவியாளரும்கூட, ஒரு கணக்குத் தொடங்கி மின்நூலகத்துக்குள் போகலாம். அதைவிட முக்கியம், அங்கே நூலகர் இருக்கிறார். கேள்வியைச் சொன்னால் தேடி எடுத்துத் தருவது அவர் வேலை. இதைக் கேட்டு வாயைப் பிளக்க வேண்டியதில்லை. வாசகர் கேட்பதைத் தேடித் தருவதே நூலகத்தின் உயிர் என்று சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்திலிருந்து உலகத்துக்கே சொன்னார். இந்தியாவின் முதல் மாநில நூலகச் சட்டம் 1948-இல் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. வீட்டுவரியோடு நூலக வரி கட்டுகிறோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் திருநெல்வேலி கலெக்டர் பென்னிங்டன் பெயரில் 1875-இல் தொடங்கிய நூலகம் இருக்கிறது. ‘கெமிஸ்தம்’ அச்சான அதே வருஷம். அந்த மேஜையில் உட்கார்ந்து நாவல்களைப் படித்துத்தான் நான் விமர்சகன் ஆனேன். அக்காவும் அதே ஊரில்தான் பள்ளிக்கூடம் போனாள். அவள் அங்கே வந்து உட்கார்ந்ததாக எனக்கு நினைவில்லை. அது ஏன் என்று இத்தனை வருஷத்தில் நான் யோசித்ததும் இல்லை.

போன மாசம் ராஜபாளையம் போயிருந்தபோது சத்திரப்பட்டி பக்கம் அவளோடு நடந்தேன். தெருவெல்லாம் தறிச் சத்தம். நெய்வது பேண்டேஜ் துணி. நாட்டின் பல ஆஸ்பத்திரிகளில் புண்ணைக் கட்டுவது இந்த ஊர்த் துணிதான். அக்கா ஒரு வீட்டு வாசலில் நின்று பையிலிருந்து நோட்டை எடுத்தாள். சர்க்கார் பதிவேடு இல்லை, இருநூறு பக்கக் கோடு போட்ட நோட்டு. இருபது வருஷமாக டாக்டர்களிடமும் மூத்த நர்ஸம்மாக்களிடமும் கேட்டுக் கேட்டு எழுதி வைத்தது. தலைப்பு, தேதி, யார் சொன்னது எல்லாம் இருக்கிறது. சில இடத்தில் அடித்து, ‘இப்போ இப்படி இல்லை’ என்று சிவப்பு மையில் திருத்தியிருக்கிறாள். வலிப்பு என்ற பக்கத்தில் நான் பப்மெட் சுருக்கத்திலிருந்து போனில் சொன்னதும் இருந்தது, ‘தம்பி சொன்னது, டாக்டரிடம் கேட்கணும்’ என்ற குறிப்போடு. அந்தப் பெண் பெரியாஸ்பத்திரிக்குப் போய்வந்து, அங்கே மாற்றிக்கொடுத்த மாத்திரையின் பெயரை அதற்குக் கீழே எழுதியிருந்தாள்.

புதிதாக வேலைக்கு வந்த இரண்டு பெண்கள் நோட்டை வாங்கிப்போய் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஜெராக்ஸ் எடுத்திருக்கிறார்கள். “ஒரு பக்கம் ரெண்டு ரூவா கேக்கான் தம்பி” என்றாள். “எரநூறு பக்கத்துக்குக் கணக்குப் பாரு.”