சாப்பிள்ளையும் பதிவேடும்

மாந்தர் வரலாற்றை ஆராய்வார்க்கு உறுதுணையாக அமையும் சான்றுகள் பல. கல்வெட்டும் செப்பேடும் நாணயமும் அவற்றுள் முற்பட்டன. பிற்காலத்தெழுந்த பிறப்பு இறப்புப் பதிவேடுகளோ, மன்னரும் மந்திரியும் அல்லாத எளிய மக்களின் வரலாற்றுக்குப் பெரும்பாலும் எஞ்சியிருக்கும் ஒரே சான்று எனல் மிகையாகாது. கங்காணியின் பின்னே மலையேறி வந்து, கோப்பிக்கும் தேயிலைக்கும் காடழித்து, லயன் அறைகளில் வாழ்ந்து மறைந்தவரின் பெயரை எந்தக் கல்வெட்டும் தாங்கவில்லை. பதிவுகாரரின் ஏடே தாங்கிற்று. அங்ஙனமாயின், அவ்வேட்டில் ஏறாதார் நிலை யாது? தாய் வயிற்றில் மாதங்கள் பல வளர்ந்து, உயிரின்றிப் பிறந்த மகவு உலகில் இருந்ததா, இல்லையா? இவ்வினாவை எழுப்பி ஆட்சியாளரிடம் விடை வேண்டி நின்றோர் புலவருமல்லர், சட்ட வல்லுநருமல்லர். பிள்ளையை இழந்த பெற்றோரே. அவர்தம் முயற்சியின் வரலாற்றைச் சுருங்கக் கூறி, அது ஊவா மலைநாட்டு மக்களுக்கு எவ்வாற்றாற் பொருந்தும் என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் நம் முன்னோர் கருத்தை நோக்குவாம். உயிரின்றிப் பிறந்த மகவைக் குறிக்கத் தமிழில் வழங்கும் சொல் ‘சாப்பிள்ளை’ என்பதாம். சொல்லின் முற்பகுதி சாவைக் குறிப்பினும், பிற்பகுதி பிள்ளை என்றே அழைக்கின்றது. பொருள் என்றோ பிண்டம் என்றோ கூறி ஒதுக்காமல், பிள்ளை என முறை சொல்லி ஏற்றுக்கொண்ட மொழி நம்முடையது. புறநானூற்றின் 74 ஆம் பாட்டு, சோழனிடம் தோற்றுச் சிறையிருந்த சேரமான் கணைக்கால் இரும்பொறை பாடியதாகக் கொள்ளப்படுவது. மறக்குடியில் மகவு இறப்பினும், உருப்பெறாத தசைத்திரளே பிறப்பினும், அதனையும் குடியின் ஓர் உறுப்பினராக மதித்து, வாட்புண் படுத்தியே அடக்கம் செய்யும் வழக்கம் அதனால் அறியப்படுகின்றது. போரில் விழுப்புண் பட்டோர்க்குரிய சிறப்பைக் கண் திறவாத மகவுக்கும் அளித்த சமுதாயம் அது. வாளாற் கீறும் வழக்கம் இன்று நமக்குக் கொடிதாகத் தோன்றலாம். எனினும் அதன் உட்பொருள், இப்பிள்ளையும் எம்மவரே என்பதன்றி வேறில்லை.

வடமொழித் தரும நூல்களும் இது பற்றிப் பேசாதிருக்கவில்லை. கருச்சிதைவுற்ற தாய்க்கு, கரு எத்தனை மாதம் வளர்ந்ததோ அத்தனை இரவு ஆசௌசம் என மனுநூலின் ஐந்தாம் அத்தியாயம் விதிக்கின்றது. மிக இளம் பிள்ளைகளுக்கு எரியூட்டலும் நீர்க்கடனும் வேண்டாவென்று அதே நூல் கூறுவது உண்மையே. ஆயினும் மாதத்தை இரவாக மாற்றி எண்ணும் அவ்விதி, தாய்க்கு நேர்ந்த இழப்பை ஒன்றுமில்லை எனத் தள்ளாது, அளந்து ஏற்றுக்கொள்கின்றது. ஆகவே, சாப்பிள்ளையை எண்ணிக்கையிற் சேர்க்கும் நினைவு மேனாட்டிலிருந்து நமக்கு இறக்குமதியானது அன்று என்பது பெறப்படும்.

இனிச் சட்டத்தின் போக்கைக் காண்பாம். இலங்கையில் ஒல்லாந்தர் விட்டுச்சென்ற உரோமன் ஒல்லாந்தச் சட்டம், கருவிலிருக்கும் மகவை அதன் நன்மையின் பொருட்டுப் பிறந்ததாகவே கொள்ளும். தந்தை இறந்தபின் பிறக்கும் பிள்ளைக்கும் சொத்திற் பங்குண்டு. ஆனால் அம்மகவு உயிருடன் பிறத்தல் வேண்டும். உயிரின்றிப் பிறப்பின், அது ஒருபோதும் இருந்ததில்லை என்பதே முடிபு. ஆங்கிலச் சட்டமும் இக்கொள்கையினின்று பெரிதும் வேறுபட்டதன்று. சொத்துரிமையைத் தெளிவாக்குதற்கு இவ்விதி பொருத்தமானதே. ஆயின் சொத்துக்கு வகுத்த விதியை மனித உறவுக்கும் அளவுகோலாக்கியதனாலேயே துன்பம் விளைந்தது.

இங்கிலாந்தில் 1837 ஆம் ஆண்டு ஆடித் திங்களில் குடியியற் பதிவு தொடங்கியபோது சாப்பிள்ளைகளுக்கு அதில் இடமிருக்கவில்லை. உயிருடன் பிறந்து இறந்த குழந்தையைச் சாப்பிள்ளை எனப் பொய் கூறிப் புதைத்துக் குற்றத்தை மறைப்பார் உளர் என்ற ஐயத்தினால், 1874 ஆம் ஆண்டுச் சட்டம் அத்தகைய அடக்கத்திற்குக் கட்டுப்பாடு விதித்தது. 1926 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக, 1927 ஆம் ஆண்டு தொடக்கம் இருபத்தெட்டுக் கிழமைக் கருவளர்ச்சி கடந்த சாப்பிள்ளைகள் தனி ஏட்டிற் பதியப்படலாயின. இப்பதிவின் நோக்கம் குற்றத் தடுப்பும் சுகாதாரக் கணக்குமேயன்றிப் பெற்றோரின் ஆறுதலன்று. மருத்துவமனைகளிலும் பிறந்த மகவைத் தாய் காணுமுன்னே எடுத்துச்சென்று, பொதுக்குழியில் அடக்கிவிடுதல் நெடுங்கால வழக்கமாயிருந்தது. மறந்துவிடு, இன்னொரு பிள்ளை பெறலாம் என்பதே தாய்க்குக் கிடைத்த மருந்து.

இம்மௌனத்தைக் கலைத்தவர் பெற்றோரே. தம் மகனைச் சாப்பிள்ளையாக ஈன்ற பெல் மூனி என்னும் பத்திரிகையாளர் 1976 ஆம் ஆண்டில் தம் துயரைப் பத்திரிகையில் எழுதினார். அவ்வெழுத்து, தத்தம் துயரை நெஞ்சில் அடக்கி வாழ்ந்த தாய்மார் பலர் வாய்திறக்க வழிவகுத்தது. 1978 ஆம் ஆண்டில், அதே துயர் கண்ட ஹேசலன் லூயிஸ் என்பாரும் அவரும் முன்னின்று ஒரு சங்கம் நிறுவினர். பின்னர் 1992 ஆம் ஆண்டுச் சட்டம் இருபத்தெட்டுக் கிழமை என்ற எல்லையை இருபத்துநான்காகக் குறைத்தது. அவ்வெல்லைக்கு முன் இழந்தோர்க்கும் விருப்பின்பேரில் அரசு சான்றிதழ் வழங்கும் திட்டம் 2024 ஆம் ஆண்டு மாசித் திங்களில் இங்கிலாந்தில் தொடங்கிற்று.

அயர்லாந்தின் வரலாறு இதனினும் உருக்கமானது. ஞானஸ்நானம் பெறாது இறந்த சிசுக்களைத் திருச்சபையின் மயானத்தில் அடக்க இடமின்மையால், பெற்றோர் அவற்றை வயலோரத்திலும் கடற்கரையிலும் பழங்கோட்டைகளின் அருகிலும் குறியின்றிப் புதைத்து வந்தனர். பெற்றோர் சங்கம் விடாது முயன்றதன் பயனாக 1994 ஆம் ஆண்டில் சாப்பிள்ளைப் பதிவுச் சட்டம் நிறைவேறிற்று. அது 1995 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. முன்னர் நிகழ்ந்தவற்றையும் பதிய அச்சட்டம் இடமளித்தது ஈண்டுக் குறிக்கத்தக்கது. அதனால், பல்லாண்டுக்கு முன் இழந்த பிள்ளைக்கு முதுமையிற் பத்திரம் பெறவும் வழி பிறந்தது.

ஐக்கிய அமெரிக்காவில், இறந்த சிசுவுக்கு இறப்புச் சான்றிதழ் உண்டு, பிறப்புச் சான்றிதழ் இல்லை என்ற முரண்பாட்டை எதிர்த்து ஜோஆன் கச்சியாதோரே என்னும் தாய் போராடினார். பிறவாத ஒருவர் இறப்பது எங்ஙனம் என்ற எளிய வினாவுக்குச் சட்டமன்றங்களால் விடை கூற இயலவில்லை. 2001 ஆம் ஆண்டில் அரிசோனா மாநிலம் முதன்முதலாக இதற்கெனத் தனிச் சான்றிதழை ஏற்படுத்திற்று. பிற மாநிலங்கள் பலவும் பின்பற்றின. யேர்மனியில் ஐந்நூறு கிராம் நிறையெய்தாத சாப்பிள்ளைகளுக்குப் பதிவு மறுக்கப்பட்டு வந்தது. பார்பரா மார்ட்டின், மரியோ மார்ட்டின் என்னும் தம்பதியர் பாராளுமன்றத்திற்கு விண்ணப்பஞ் செய்து பல்லாயிரவரின் கையொப்பம் திரட்டியதன் பயனாக, 2013 ஆம் ஆண்டு வைகாசித் திங்களிலிருந்து எந்நிறையுடைய மகவுக்கும் பெயருடன் பத்திரம் பெறப் பெற்றோர்க்கு உரிமை கிடைத்தது. பிரான்சில் 1806 ஆம் ஆண்டிலேயே நெப்போலியன் ஆணை, உயிரின்றிக் காட்டப்பட்ட மகவைப் பதியும் முறையை வகுத்திருந்தது. ஆயினும் நிறையும் கருவளர்ச்சிக் காலமும் காட்டி மறுத்தல் முறையன்று என உயர் நீதிமன்றம் 2008 ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்தது. குடும்பப் பெயரும் இட அனுமதித்தது 2021 ஆம் ஆண்டுச் சட்டமாகும்.

பாரதத்தில் 1969 ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் ‘பிறப்பு’ என்னும் சொல்லுள் உயிர்ப்பிறப்பையும் சாப்பிறப்பையும் ஒருங்கே அடக்கிற்று. ஆனால் ‘இறப்பு’ என்பதை உயிருடன் பிறந்தபின் நிகழ்வதாகவே வரையறுத்தது. எனவே அமெரிக்காவில் இறந்தும் பிறவாத மகவு, பாரதத்திற் பிறந்தும் இறவாததாயிற்று! இருவேறு பெருநாடுகளின் சட்டங்கள் ஒரே மகவைப் பற்றி இவ்வாறு மாறுபடக் கூறுமாயின், குறை மகவிடத்தன்று, நம் சொற்களிடத்தே என்பது தெளிவு.

இனி ஊவாவுக்கு வருவாம். அப்புத்தளை மலைத்தொடரின் அடியில், கொழும்பிலிருந்து பதுளை செல்லும் பெருவீதியில் அமைந்தது ஹல்துமுல்லை. அதனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில், தமிழகத்தின் திருச்சி, சேலம், மதுரை முதலிய பகுதிகளிலிருந்து வந்தோரின் வழித்தோன்றல்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். தோட்டத்து வழக்கில் ‘பேர்’ என்ற சொல்லுக்கு ஒரு நாட் கூலி என்பது பொருள். செக்றோலில் பேர் விழுந்தாற் கூலி. அரைநாள் வேலைக்கு அரைப்பேர். ஏட்டிற் பெயர் இருப்பதும் உலகில் இடமிருப்பதும் ஒன்றென்பதை இவர்கள் நூல் கற்று அறிந்தாரல்லர், நாடோறும் பட்டறிந்தனர்.

நாட்டின் சட்டமும் அதனையே கொடிய முறையில் மெய்ப்பித்தது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், தந்தையோ, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையிற் பிறந்தமைக்குச் சான்று வேண்டிற்று. மறு ஆண்டில் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், இடையறாது வாழ்ந்தமைக்குச் சான்று கேட்டது. மணமானோர்க்கு ஏழு ஆண்டு, மணமாகாதோர்க்குப் பத்து ஆண்டு என்பது அதன் அளவு. பத்திரமில்லாமையால் மண்ணில் உழைத்த மக்கள் நாடற்றவராயினர். 1964 ஆம் ஆண்டில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரைப் பாரதத்துக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தின் பின்னரே அவ்வவலம் பெரும்பாலும் நீங்கிற்று. உயிருள்ளாரையே பத்திரத்தால் அளந்த அக்காலத்தில், பத்திரமின்றிப் புதைக்கப்பட்ட பிள்ளை குறித்துக் கேட்பார் யார்? அம்மண்ணில் தான் கருவுற்று, சுமந்து, ஈன்று, அடக்கம் செய்தாள் என்பதற்கு அத்தாயிடம் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை.

இலங்கையின் 1951 ஆம் ஆண்டு 17 ஆம் இலக்கச் சட்டம் பிறப்பையும் இறப்பையும் போலச் சாப்பிறப்பையும் பதிதற்கு வகை செய்தது. ஆயின் அப்பதிவு பிரகடனஞ் செய்யப்பட்ட நகரங்களை நோக்கியே அமைந்தது. நகர வைத்தியசாலையில் நேர்ந்த இழப்பு ஏட்டிலேற, லயன் அறையில் நேர்ந்தது மலைச்சரிவிலே மறைந்தது. மகப்பேற்று நன்மைகளை வகுத்த 1939 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் பின்வந்த திருத்தங்களும், உயிருடன் பிள்ளை பிறந்தாற் பன்னிரு கிழமையும் அன்றேல் ஆறு கிழமையும் விடுமுறை என வகுத்தன. பால் சுரக்கும் மார்பு, பிள்ளை பிழைத்ததோ இல்லையோ என்று பார்த்துச் சுரப்பதில்லை. கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிச் செங்குத்தான மலையேறும் உடம்புக்கு ஓய்வு வேண்டுமெனின், அது இரு தாய்மார்க்கும் ஒன்றே. பாரதத்தின் 1961 ஆம் ஆண்டு மகப்பேற்று நலச் சட்டம், ‘குழந்தை’ என்பது சாப்பிள்ளையையும் உள்ளடக்கும் என ஒரே வரியில் இச்சிக்கலைத் தீர்த்தமை நம் கருத்துக்கு அரணாகும்.

இதனை மறுப்பாரும் உளர். இழப்பைப் பத்திரமாக்குதல் ஆறாப்புண்ணைக் கிளறுதலாகும் என்பார் ஒருசாரார். கருவுக்கு ஆளுமை வழங்கின் அது பெண்களின் உரிமைக்கு ஊறாகும் என அஞ்சுவார் மற்றொரு சாரார். இவ்விரண்டும் புறக்கணிக்கத்தக்கன அல்ல. ஆயினும் யேர்மனியும் இங்கிலாந்தும் கண்ட வழி இவற்றுக்கு விடையாகின்றது. அங்கே எல்லை கடவாத மகவுக்குரிய சான்றிதழ், வேண்டுவோர்க்கு மட்டுமே வழங்கப்படுவது, எவரையும் கட்டாயப்படுத்துவதன்று. சொத்துரிமையையோ பிற சட்ட நிலைகளையோ அது மாற்றுவதுமன்று. விரும்பாதார் மௌனம் காக்கலாம். விரும்புவார் பெயர் சூட்டலாம்.

பெற்றோரின் ஆறுதல் ஒருபுறமாக, பதிவினால் விளையும் பயன் பிறிதுமொன்று உண்டு. உலகிற் பதினாறு நொடிக்கு ஒரு சாப்பிள்ளை பிறக்கின்றது என்றும், அவற்றுள் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டவை பிரசவ வேளையிலேயே உயிரிழந்தவை என்றும் ஐக்கிய நாடுகளின் அமைப்புகள் 2020 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை கூறிற்று. பிரசவ வேளையில் நிகழும் மரணங்களுட் பல, தக்க மருத்துவிச்சியும் விரைந்து செல்லும் ஊர்தியும் இருப்பின் தடுக்கத்தக்கவை. 2030 ஆம் ஆண்டளவில் ஆயிரம் பிறப்புக்குப் பன்னிரண்டு அல்லது அதனிற் குறைவு என்பதே 2014 ஆம் ஆண்டில் உலக நாடுகள் ஏற்ற இலக்கு. எண்ணப்படாத மரணத்தின் காரணத்தை எவரும் ஆராயார். ஆராயாத காரணம் அடுத்த பிள்ளையையும் கொண்டுபோகும். ஆதலின் தோட்டத்திற் புதைக்கப்படும் ஒவ்வொரு சாப்பிள்ளையும் ஏட்டிலேறுதல், இறந்த பிள்ளைக்குச் செய்யும் கடன் மட்டுமன்று. பிறக்கவிருக்கும் பிள்ளைக்குச் செய்யும் காப்புமாகும்.

மேற்கூறியவாற்றால், சாப்பிள்ளைக்குச் சட்டத்தில் இடம் வேண்டி மேனாட்டுப் பெற்றோர் எழுப்பிய குரல் பழந்தமிழ் மரபுக்குப் புறம்பானதன்று என்பதும், பத்திரமின்மையின் கொடுமையைப் பிற எவரினும் நன்கறிந்த மலைநாட்டு மக்களுக்கு அது மிகவும் உரியதென்பதும் போதரும். நகரம், தோட்டம் என்ற வேறுபாடின்றிச் சாப்பிறப்பைப் பதிதலும், பெற்றோர் விரும்பின் பெயர் பொறித்த பத்திரம் வழங்கலும், தாய்க்கு முழு விடுமுறை நல்கலும் அரசினராற் செய்யத்தக்க எளிய காரியங்களே. கற்றறிந்தோர் இதனைத் தம் கடமையாகக் கொண்டு, கேட்கும் வாய்ப்பில்லாத தாய்மார் சார்பிற் கேட்பாராக. பிள்ளை என்று நம் மொழி அழைத்ததை, பிள்ளை என்றே நம் நாட்டின் ஏடும் எழுதுவதாக.