மறைத்து வைத்த மரணம்

ஆள்வோன் இறந்தான் என்னும் செய்தி கேட்டு நாடு என்ன செய்கின்றது என்பதைக் கொண்டே, அவன் எவ்வாறு ஆண்டான் என்பதை ஒருவாறு அளந்தறியலாம். வழிவழியாக வந்த மன்னன் மாய்ந்தால் முரசு ஓயும், கொடி தாழும், குடிகள் தம் வழக்கப்படி துயர் காப்பர். தன் வலிமையொன்றையே துணையாகக் கொண்டு ஆட்சியைப் பற்றியவன் மாயுங்கால் நிலைமை வேறு. அழுவதா, ஆறுதல் கொள்வதா, அன்றி அச்செய்தியை நம்புவதா வேண்டாவா என்றே மக்கள் திகைப்பர்.

அண்மைக் காலத்தில் இத்திகைப்பை ஆப்பிரிக்கா பலமுறை கண்டது. 1971 ஜனவரியில் உகாண்டாவின் ஆட்சியைப் படை வலிமையால் பறித்த இடி அமீன், மறு ஆண்டிலேயே அந்நாட்டில் வாழ்ந்த ஆசியர்களைத் தொண்ணூறே நாட்களில் வெளியேறுமாறு பணித்தார். இந்திய வழியினர் பல்லாயிரவர் கடையையும் வீட்டையும் விட்டு வெறுங்கையராய்ப் புறப்பட்டனர். அவருடைய ஆட்சியில் மாண்ட உகாண்டா மக்கள் மூன்று லட்சம் பேர் வரை இருக்கலாம் என்று கணிப்போர் உண்டு. 1979இல் பதவியிழந்து ஓடிய அவர், 2003 ஆகஸ்டு 16ஆம் நாள் சவூதி அரேபியாவின் ஜித்தா நகரில் உயிர் நீத்து, அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். அவர் உயிருடன் திரும்பினால் தம் செயல்களுக்கு விடை கூறியே ஆகவேண்டும் என்று குடியரசுத் தலைவர் முசேவெனி முன்னரே அறிவித்திருந்தார். ஆயினும் கம்பாலா நகரத்து மக்கள் ஒரே குரலில் பேசினாரல்லர். உற்றாரை இழந்தோர் சபித்தனர். வாணிபத்தை ஆப்பிரிக்கர் கையில் கொடுத்தவர் என்று போற்றியோரும் இருந்தனர்.

ஜிம்பாப்வேயில் 2017 நவம்பரில் பதவி விலக நேர்ந்த ராபர்ட் முகாபே 2019 செப்டம்பர் 6ஆம் நாள் சிங்கப்பூரில் இறந்தபோது, அவரை எங்கு அடக்குவது என்பதிலேயே அரசுக்கும் குடும்பத்தாருக்கும் வழக்கு நேர்ந்தது. விடுதலை வீரர் என்பதும் அவரே. கொடுங்கோலர் என்பதும் அவரே. ஓர் உடலை இரு வேறு நினைவுகள் பற்றி இழுத்தன என்றே கூறவேண்டும்.

இவையெல்லாம் கடல் கடந்த கதைகள், நமக்கென்ன என்று எண்ணற்க. பிழைப்பை நாடி வந்து நாம் குடியமர்ந்திருக்கும் இச்சித்தூர் மண்ணிலேயே இத்தகைய மரணம் ஒன்று நிகழ்ந்துள்ளது. 1782 டிசம்பர் 7ஆம் நாள், சித்தூரை அடுத்த நரசிங்கராயன்பேட்டைப் பாசறையில் மைசூர் ஐதர் அலி உயிர் நீத்தார். இன்று நாம் சர்வாதிகாரி என்னும் சொல்லைக் கொடுங்கோலனுக்கு வழங்குகின்றோம். அக்காலத்து மைசூரில் அது தலைமை அதிகாரியின் பதவிப் பெயர். அப்பெயரைத் தாங்கியே ஐதர் 1761 முதல் அந்நாட்டை ஆண்டார். உடையார் மரபினர் அரியணையில் வீற்றிருந்தனர். அதிகாரமோ ஐதரிடத்தே இருந்தது.

கோலாரை அடுத்த பூதிக்கோட்டையில் பிறந்து, சிறிய படைத்தலைவராய்த் தொடங்கி, ஒரு பெரு நாட்டையே கைக்கொண்டவர் அவர். எழுதப் படிக்க அறியார்; ஆயினும் கணக்கையும் ஒற்றர் சொல்லையும் நினைவிலேயே நிறுத்தும் ஆற்றல் மிக்கவர். 1769இல் சென்னையின் வாயில் வரை வந்து கும்பினியாரை உடன்படிக்கைக்கு இணங்கச் செய்தார். ஒருவருக்கொருவர் உதவுவதென்பது அவ்வுடன்படிக்கை. பின்னர் மராட்டியர் மைசூரைத் தாக்கியபோது கும்பினியார் வாளாவிருந்தனர். அவ்வஞ்சத்தை ஐதர் மறந்தாரல்லர். 1779இல் ஆங்கிலேயர் மாகியைக் கைப்பற்றியது எரியும் நெருப்பில் நெய்யாயிற்று.

1780 ஜூலையில் 80,000க்கும் மேற்பட்டோர் கொண்ட சேனை கணவாய்களின் வழியே ஆர்க்காட்டுச் சீமையில் இறங்கியது. செப்டம்பர் 10ஆம் நாள் காஞ்சியை அடுத்த புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. அவ்வாண்டிலேயே ஆர்க்காடும் வீழ்ந்தது. 1781இல் சர் அயர் கூட் பரங்கிப்பேட்டையிலும் சோளிங்கரிலும் வென்றார். எனினும் போர் முடியவில்லை. 1782இல் சந்திரகிரிக் கோட்டை ஐதர் வசமாயிற்று. அதுவரை அக்கோட்டையைக் கொண்டிருந்தவர், அதன் உரிமையால் திருப்பதிக்கும் காவலர் எனத் தம்மைக் கருதியவரான, ஆர்க்காட்டு நவாபின் தம்பி அப்துல் வகாப் கான் ஆவார். வடவேங்கடத்தின் அடிவாரம் வரை மைசூர்க் கொடி வந்துவிட்ட அவ்வாண்டின் இறுதியில்தான் ஐதரின் முதுகில் ராஜபிளவை கண்டது. மருத்துவம் பலிக்கவில்லை. ஏறத்தாழ அறுபது ஆண்டு வாழ்ந்து அவர் மறைந்தார்.

இனி நிகழ்ந்ததே நாம் ஊன்றி நோக்கத்தக்கது. அம்மரணத்துக்கு ஒருவரும் வெளிப்பட அழவில்லை. அழுதற்கு இடம் தரப்படவுமில்லை. பூர்ணையா, கிருஷ்ணராவ் என்னும் இரு அமைச்சரும் செய்தியை அறவே மறைத்தனர். உடலை நறுமணப் பொடி நிரப்பிய பேழையொன்றில் இட்டு, கருவூலப் பொருள் செல்வது போலக் காவலுடன் கோலாருக்கு அனுப்பினர். பாசறையிலோ ஐதர் நோயுற்றுக் கிடப்பதாகவே சொல்லப்பட்டது. திரையிட்ட பல்லக்கு இருந்தது. அவர் பெயரால் ஓலைகள் போயின. அவர் பெயருக்கு விடைகள் வந்தன. தம் கையால் எழுதாத தலைவராதலின், எழுத்தர் வரைந்த ஆணை வெளிவருவதில் எவர்க்கும் ஐயம் தோன்றியிராது. பெருஞ்சேனையொன்று இறந்தவர் ஆணையின் கீழ்ப் பல நாள் நடந்தது.

மறைத்ததற்குக் காரணம் இருந்தது. மூத்த மகன் திப்பு அப்போது மேற்குக் கடற்கரையில் பொன்னானியருகே ஆங்கிலப் படையுடன் பொருது கொண்டிருந்தார். தலைவன் இல்லை என்று தெரிந்தால் சேனை கலைந்துவிடும் என்பது அமைச்சரின் அச்சம். அவ்வச்சம் பொய்யுமன்று. ஐதரின் உறவினர் ஒருவர், திப்புவின் இளவலை அரசனாக்கி ஆட்சியைத் தாம் கைப்பற்றச் சூழ்ச்சி செய்தார். அமைச்சர் அதனை அறிந்து அவரைச் சிறைப்படுத்தினர். விரைந்த தூதரின் வழியே செய்தி பெற்ற திப்பு சில வாரங்களில் வந்து சேனையின் தலைமையை ஏற்றார். அதன் பின்னரே மறைவு பொதுச் செய்தியாயிற்று.

சென்னைக் கோட்டையில் இச்செய்தி விளைத்தது என்ன? மறைவையும் மீறி அது கசிந்து அங்கு எட்டியது. ஆளுநர் மெக்கார்ட்னி பிரபு இதுவே தருணம், உடனே படை செல்க என்று வற்புறுத்தினார். கூட் நோயுற்று வங்காளம் சென்றிருந்தமையால் தலைமை தாங்கிய ஜெனரல் ஸ்டூவர்ட்டோ, ஐதர் இறந்தார் என்பதையே தாம் நம்பவில்லை என்றார். அரிசியும் வண்டி மாடும் இன்றிப் படை நகராது என்பதும் உண்மை. ஆகவே பகைவர் இறந்த பயனைக் கும்பினியார் பெறவில்லை. அவ்வளவுக்கு அவர் பெயர் அச்சம் தந்தது. உயிருள்ள ஐதரிடம் மும்முறை ஏமாந்தவர்கள், இறந்த ஐதரிடமும் ஏமாந்துவிடுவோமோ என்று அஞ்சினர் போலும்.

பாசறையும் கோட்டையும் இவ்வாறாக, ஊர்ப்புறத்து மக்கள் என்ன நினைத்தனர்? அந்நாளில் அவர்க்கு நினைப்பதற்கும் வலிமை இருந்ததில்லை. ஈராண்டுப் போரில் ஊர்கள் எரிந்தன, கால்நடைகள் கவரப்பட்டன, ஏரிகள் பாழாயின. உயிர் பிழைத்தோர் சென்னையை நோக்கி ஓடினர். 1782 அக்டோபரில் வீசிய புயல் துறைமுகத்தில் நின்ற அரிசிக் கலங்களையும் அழித்தது. பசியால் வீழ்ந்தோர்க்குக் கஞ்சி வார்க்கச் சென்னையில் அக்காலத்தில் எழுந்ததே மணியக்காரர் சத்திரம். பின்னாளில் அங்கு வளர்ந்த ஸ்டான்லி மருத்துவமனையைக் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்று மக்கள் வழங்கியதன் வேர் இப்பஞ்சத்தில் உள்ளது. கஞ்சிக்கு வரிசையில் நின்றோர்க்கு நரசிங்கராயன்பேட்டைச் செய்தி ஒரு வேளைச் சோற்றினும் பெரிதாகத் தோன்றியிருக்குமா?

ஆயினும் தமிழகம் முழுவதும் அவரைப் பகைவராகவே கண்டது என்பதும் பொருந்தாது. கணவனையும் நாட்டையும் இழந்த சிவகங்கை வேலு நாச்சியார்க்குத் திண்டுக்கல் சீமையில் புகலிடம் அளித்து, 1780இல் நாட்டை மீட்கப் படையும் உதவியவர் ஐதரே. ஆர்க்காட்டில் பாழ் செய்த கையே சிவகங்கையில் தாங்கிய கையுமாயிற்று. பாழ் நேர்ந்ததற்கும் அவர் ஒருவரே பொறுப்பாளர் அல்லர். நவாபு முகமது அலியின் கடன்களும், அக்கடன்களால் கொழுத்த கும்பினி அதிகாரிகளும் இந்நாட்டை அந்நிலைக்குக் கொணர்ந்ததை 1785இல் எட்மண்ட் பர்க் ஆங்கில நாடாளுமன்றத்திலேயே எடுத்துரைத்தார்.

எழுதியோரும் இரு வேறாகவே எழுதினர். திப்புவின் வீழ்ச்சிக்குப் பின் பாரசீக மொழியில் வரலாறு வரைந்த கிர்மானி, ஐதரைப் பெருவீரர் எனப் போற்றினார். மைசூரில் ஆங்கிலப் பிரதிநிதியாயிருந்த மார்க் வில்க்ஸ், அவர் திறமையை ஒப்பியும் கொடுமையைக் கடிந்தும் எழுதினார். ஊர் மக்கள் நூல் எழுதினாரல்லர். அவர்கள் விட்டுச் சென்றது ஒரு வழக்கு. மிகப் பழையதொன்றைக் கண்டால் ‘ஐதர் அலி காலத்தது’ என்று நாம் இன்றும் கூறுகின்றோம். அதில் புகழுமில்லை, பழியுமில்லை. ஒரு காலம் முடிந்தது, அதன் பின் வேறொரு காலம் பிறந்தது என்னும் உணர்வொன்றே அதில் உள்ளது.

ஐதரையும் இடி அமீனையும் ஒரு தட்டில் நிறுத்துவது என் கருத்தன்று. முன்னவர் அரசமைத்தவர், பிற மதத்தாரையும் அமைச்சராக நம்பியவர், அந்நியரை எதிர்த்து நின்றவர். பின்னவரோ தம் குடிகளையே வேட்டையாடினார். ஆனால் ஒன்றில் பாடம் ஒன்றே. அனைத்து அதிகாரமும் ஒருவர் மூச்சில் தங்கியிருக்குமாயின், அம்மூச்சு நின்றதைச் சொல்லவும் நாடு அஞ்சும். பூர்ணையாவின் மதிநுட்பத்தை நாம் வியக்கலாம். அத்தகைய நுட்பம் தேவைப்பட்ட ஆட்சியை வியத்தற்கில்லை. தலைவர் மறைந்த அன்றே அதனை வெளிப்படையாக அறிவித்து, மறுநாளும் அலுவலகம் திறந்து, கடைத்தெரு நடக்கும் நாடே நிலைபெற்ற நாடு.

ஐதரின் உடல் பின்னர் கோலாரிலிருந்து சீரங்கப்பட்டணம் சென்றது. திப்பு எழுப்பிய கும்பஸ் மாளிகையில் மனைவிக்கும் மகனுக்கும் அருகே அவர் துயில்கின்றார். 1784 மார்ச்சு 11ஆம் நாள் மங்களூர் உடன்படிக்கையில், வென்ற இடங்களை இரு தரத்தாரும் ஒருவருக்கொருவர் திருப்பித் தந்தனர். இத்தனை உயிர் மாய்ந்தும் எல்லை பெரும்பாலும் தொடங்கிய இடத்திலேயே நின்றது.

சித்தூரிலிருந்து வேலூர் நோக்கிச் செல்லும் அன்பர்கள் இதனைச் சிறிது எண்ணிப் பார்ப்பாராக. மாண்ட தலைவர்க்கு மாலையிடுவதும் வசைபாடுவதும் எளிது. அவர் பாசறையின் வீரரையும், அவர் படை கடந்த ஊர்களின் பசித்த மக்களையும் ஒருங்கே நினைப்பது அரிது. அவ்வரிய செயலே வரலாறு கற்பதன் பயன். தெலுங்கரும் தமிழரும் கன்னடரும் கலந்து வாழும் இந்நிலத்தில், பழைய படையெடுப்புக்களின் கணக்கைப் பகை தீர்ப்பதற்கன்றி, ஒருவர் துயரை மற்றவர் அறிவதற்கே நாம் புரட்டுவோமாக.