முள் யார் சொல்லைக் கேட்கிறது? – கார் மீட்டரின் கதை

மலர்க் குழு நண்பர் போன் செய்து, "ஹாஸ்டல் மெஸ் கதை நிறைய வந்துவிட்டது, நீ வேறு ஏதாவது எழுதுடா" என்றார். ஆகவே என் தொழிலோடு ஒட்டிய ஒரு சரித்திரம். கார் டேஷ்போர்டில் இருக்கும் மீட்டர் போர்டின் பாஷையை, அதைத் தயாரித்தவர்களைக் கேட்காமலே வெளியாட்கள் எப்படிப் படித்தார்கள், அதனால் என்ன தெரிய வந்தது என்பதுதான் விஷயம்.

1902-ல் ஜெர்மனியில் ஓட்டோ ஷுல்ட்சே காப்புரிமை பெற விண்ணப்பித்த வேகமானியின் தத்துவம் மிக எளிமையானது. சுழலும் காந்தம், அதையொட்டி ஓர் உலோகக் கிண்ணம், அதைத் தடுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங். சுழல் மின்னோட்டம் கிண்ணத்தை இழுக்க, முள் நகரும். நம் அப்பா காலத்து அம்பாசிடரிலும் இதே கதைதான். கியர் பாக்ஸிலிருந்து வரும் கேபிள் அறுந்தால் முள் பூஜ்யத்தில் படுத்துக்கொள்ளும். ஆனால் யாரோ சொன்னார்கள் என்று ஆடாது!

1976-ல் லண்டன் கண்காட்சியில் ஆஸ்டன் மார்ட்டின் லகோண்டா முள்ளே இல்லாத டிஜிட்டல் டேஷ்போர்டுடன் வந்து எல்லோரையும் அசத்தியது. ஆனால் பெரிய மாற்றம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடந்தது. 1983-ல் பாஷ் நிறுவனம் 'கேன்' என்ற தகவல் முறையை உருவாக்கத் தொடங்கி, 1986-ல் டெட்ராய்ட்டில் வெளியிட்டது. முறுக்கிய இரண்டே கம்பிகள். எஞ்சின், பிரேக், மீட்டர் எல்லாம் அதில்தான் பேசிக்கொள்ளும். ஒவ்வொரு செய்திக்கும் ஒரு எண், அதிகபட்சம் 8 பைட் தகவல். அனுப்பியவர் யார் என்பதற்கு அதில் அத்தாட்சி கிடையாது. கம்பிகள் காருக்குள்ளேயே இருந்த காலம். அந்நியன் வருவான் என்று யார் நினைத்தார்கள்?

புதுப்பேட்டையில் வாங்கிய ஒரு பழைய மீட்டர் போர்டை வைத்து நானே இதைச் சோதித்துப் பார்த்தேன். 12 வோல்ட் சப்ளை, ஒரு கேன் அடாப்டர், லினக்ஸ் போட்ட லேப்டாப். அவ்வளவுதான் சாமான். சுவிட்சைப் போட்டதும் ஏர்பேக், பிரேக் விளக்குகள் எரிந்தன. கூட்டாளிகள் பேச்சு காதில் விழவில்லையே என்ற புலம்பல் அது! 11 பிட் எண் என்றால் 2048 சாத்தியங்கள். வரிசையாக அனுப்பினேன். ஓர் எண்ணில் முள் துள்ளியது. பிறகு பைட் பைட்டாக மாற்றிப் பார்த்ததில், இரண்டு பைட் சேர்ந்த எண்ணை 100-ஆல் வகுத்தால் வேகம் என்று பிடிபட்டது. சக்கரமே இல்லாத மேஜை மேல் முள் 90-ல் நின்றது. அது பொய் சொல்லவில்லை. கேட்டதை அப்படியே நம்பியது.

இது வெறும் விளையாட்டு இல்லை. 2010-ல் வாஷிங்டன், கலிஃபோர்னியா (சான் டியாகோ) பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பார்க் கியரில் நின்ற காரின் மீட்டரில் 140 மைல் வேகம் காட்டினார்கள். பிரேக்கையும் தங்கள் வசப்படுத்தினார்கள். 2015-ல் சார்லி மில்லரும் கிறிஸ் வாலசெக்கும் ஓடும் ஜீப் செரோக்கியைத் தொலைவிலிருந்து செல்போன் இணைப்பு வழியே ஆட்டி வைக்க, கம்பெனி 14 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. இவர்கள் நோண்டியிராவிட்டால் அந்த ஓட்டை அப்படியே கிடந்திருக்கும்.

இதே வித்தையைக் கெட்டதுக்கும் பயன்படுத்துகிறார்கள். ஓடிய கிலோமீட்டர் கணக்கு ஒரு சின்ன மெமரி சிப்பில் இருக்கிறது. அதைக் குறைத்து வண்டி விற்பவர்கள் எங்கும் உண்டு. அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 4,50,000-க்கு மேற்பட்ட வண்டிகள் அப்படி விற்கப்படுவதாக அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்புத் துறை மதிப்பிட்டது. அதற்காக மூடி வைத்தால் திருடன் நிற்பதில்லை. சொந்த வண்டியைப் பழுது பார்க்க நினைப்பவன்தான் நிற்கிறான். 2015-ல் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்திலேயே, வாகன மென்பொருளைப் பழுது பார்க்கவும் பாதுகாப்பு ஆய்வு செய்யவும் விலக்கு கொடுத்தார்கள். இப்போது முக்கியச் செய்திகளுக்கு ரகசிய முத்திரை வைக்கும் முறையும் வந்திருக்கிறது.

ஜூனியர் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை: மீட்டர் காட்டுகிறது என்பதற்காக நம்பிவிடாதீர்கள். அதற்குச் சொன்னது யார் என்று கேளுங்கள். விடை கிடைக்காவிட்டால் ஸ்க்ரூ டிரைவரை எடுங்கள். உங்கள் சொந்த மீட்டர் போர்டாக இருக்கட்டும், அதுவும் வண்டியில் ஓடாததாக இருக்கட்டும்!