அவசரமில்லாமல் மூடிய சுரங்கங்கள்

ஜெர்மனியின் ரூர் பகுதியில் நிலக்கரிச் சுரங்கங்களை மூடி முடிக்க 60 ஆண்டுகள் பிடித்தன. 1957-இல் மேற்கு ஜெர்மனியின் கருநிலக்கரிச் சுரங்கங்களில் சுமார் 6 லட்சம் பேர் வேலை பார்த்தார்கள், பெரும்பாலோர் ரூரில்தான். மறு ஆண்டே விற்காத கரி மலைபோல் குவிந்தது. காற்றாலையோ சூரியத் தகடோ அப்போது யார் நினைவிலும் இல்லை. மலிவாக வந்திறங்கிய எண்ணெயும் கடல் கடந்து வந்த கரியுமே காரணம். ஆனாலும் அப்போது தொடங்கிய உதவி முறைகளின் சாயலை நிலக்கரி மின்சாரத்தை நிறுத்தும் இன்றைய சட்டத்தில் பார்க்கலாம்.

அரசு தானாக இறங்கி வந்துவிடவில்லை. 1959 செப்டம்பரில் சுமார் 60,000 தொழிலாளர்கள் அன்றைய தலைநகர் பானில் பேரணி நடத்தினார்கள். 1968-இல் உருவான ‘ரூர்கோலே’ என்ற ஒரே நிறுவனத்துக்குள் சுரங்க நிறுவனங்கள் பலவும் வந்தன. ஒரு சுரங்கம் மூடினால் ஆட்களை அடுத்த சுரங்கத்துக்கு மாற்ற இது வழி செய்தது. வயதானவர்களுக்கு 1972 முதல், ஓய்வூதியம் தொடங்கும்வரை மாதாமாதம் அரசுப் பணம் கிடைத்தது. மண்ணுக்கடியில் உழைத்தவர் 50 வயதிலேயே இப்படி வெளியேற முடிந்தது. வேலை போய்த் தெருவில் நிற்பதைச் சுரங்கத்தார் ‘பெர்க்ஃப்ரை’யில் விழுவது என்பார்கள். ஒருவரும் அதில் விழக்கூடாது என்பதே தொழிற்சங்கத்தின் பிடிவாதம்.

மாற்று வேலைகளும் வந்தன, எல்லாம் நிலைக்கவில்லை. போஹும் நகரில் மூடிய சுரங்கம் ஒன்றின் நிலத்தில் 1962-இல் எழுந்த ஓப்பல் கார் ஆலை 2014-இல் தானும் மூடியது. அதே ஊரில் 1965-இல் திறந்த பல்கலைக்கழகம் நிலைத்தது.

இந்த நிதானத்துக்கு விலை கொடுத்தவர்கள் மின்சாரம் வாங்கியவர்கள். 1970-களின் நடுவிலிருந்து ‘கரிக் காசு’ என்ற கூடுதல் கட்டணம் மின்கட்டணத்தோடு சேர்ந்தே வந்தது. அது செல்லாது என்று 1994-இல் அரசியல் சட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1997-இல் சுரங்கங்களுக்கான அரசு மானியம் குறையும் என்ற பேச்சு எழுந்ததும் சுமார் 2,20,000 பேர் கைகோத்து 93 கிலோமீட்டர் நீளத்துக்கு நின்றார்கள். மானியத்தை 2018-க்குள் நிறுத்த 2007-இல் உடன்பாடு ஏற்பட்டது.

2018 டிசம்பர் 21 அன்று பாட்ராப் நகரின் ப்ராஸ்பர்-ஹானியல் சுரங்கத்திலிருந்து வந்த கடைசிக் கரித் துண்டை, முகத்தில் கரி படிந்த தொழிலாளர்கள் குடியரசுத் தலைவர் ஷ்டைன்மையரிடம் கொடுத்தார்கள். சுரங்கங்கள் மூடினாலும் நீர் இறைக்கும் பம்புகள் ஓய முடியாது. தோண்டியதால் தரை சில இடங்களில் 20 மீட்டருக்கும் மேல் இறங்கிவிட்டது. இறைப்பதை நிறுத்தினால் ஊர்கள் ஏரியாகும். இந்த முடிவற்ற செலவுக்காகவே 2007-இல் தனி அறக்கட்டளை ஒன்று அமைந்தது.

கிழக்கு ஜெர்மனிக்கு இந்த அவகாசம் வாய்க்கவில்லை. லவுசிட்ஸ் பகுதியின் பழுப்பு நிலக்கரித் தொழிலில் 1989-இல் சுமார் 80,000 பேர் இருந்தார்கள். நாடு இணைந்த பத்தாண்டுகளில் அந்த எண்ணிக்கை ஏறக்குறைய பத்தில் ஒன்றாகிவிட்டது. அந்தக் கசப்பு ஆறுவதற்குள், நிலக்கரி மின்சாரத்தை 2038-க்குள் நிறுத்தும் சட்டம் 2020-இல் வந்தது. கூடவே நிலக்கரிப் பகுதிகளுக்கு 4,000 கோடி யூரோ வரை ஒதுக்கப்பட்டது. வேலை இழக்கும் 58 வயதைக் கடந்தவர்களுக்குப் பழைய உதவித்தொகை முறை திரும்பவும் வந்தது. லவுசிட்ஸின் காட்புஸ் நகரில் 2024 ஜனவரியில் திறந்த அதிவேக ரயில் பராமரிப்புக் கூடம் சுமார் 1,200 பேருக்கு வேலை தரும் என்பது திட்டம்.