லூமுட்டில் பிறக்கும் எண்

ஈப்போவில் கடல் இல்லை. சுண்ணாம்புக் குன்றும் பழைய ஈயக் குட்டையும்தான். ஈப்போக்காரருக்குக் கடல் என்றால் பள்ளி விடுமுறையில் பங்கோர் தீவு. ஆனால் அதே பேராக்கின் தென்மேற்கு மூலையில், பாகான் டத்தோ பக்கம், தீபாவளிக்கு முறுக்குச் சுடும் வீடுகளில் கடல் மட்டத்தைப் பற்றிப் பேச்சு நடக்கும். "தாத்தா, நாளைக்கு ஆயர் பாசாங் பெசாராம். மூணு மீட்டருக்கு மேலயாம்." பெரிய ஓதம், அதாவது பெரிய கடல் ஏற்றம் வருகிறது என்று கைபேசியைப் பார்த்துப் பேத்தி சொல்கிறாள். "எத்தன மணிக்கு?" என்று மட்டும் அவர் கேட்கிறார். மோட்டார் சைக்கிளை மேட்டில் ஏற்ற வேண்டுமே!

அந்த மூன்று மீட்டர் எங்கிருந்து வந்தது?

அதைத் தேடிப் போனால் முதலில் வருவது லூமுட், பேராக்கில் கடற்படைத் தளம் இருக்கும் ஊர். நில அளவை இலாகா தீபகற்ப மலேசியக் கரை நெடுக 12 இடங்களில் ஓதத்தை அளக்கும் ஓதமானி வைத்திருக்கிறது, லூமுட்டில் ஒன்று. பழைய வகை ஓதமானி மிக எளிய பொருள். கடலில் செங்குத்தாக ஒரு குழாய், அதன் அடியில் சின்னத் துளை, உள்ளே ஒரு மிதவை. வெளியே அலை எவ்வளவு ஆடினாலும் துளை சிறியது என்பதால் உள்ளே தண்ணீர் நிதானமாகவே ஏறி இறங்கும். அலையை வடிகட்டிவிட்டு ஓதத்தை மட்டும் காட்டும். இப்படி மணிக்கு மணி, ஆண்டுக்கு ஆண்டு எழுதி வைக்க வேண்டும். நிலவின் பாதைச் சாய்வு ஒரு முழுச் சுற்றை முடிக்க 18.6 ஆண்டு ஆகிறது. அந்தச் சுற்றை முழுதாகப் பார்த்த பதிவுதான் மிகவும் நம்பத் தக்கது.

பதிவைக் கணக்கிடுபவர்கள் தாளம் தாளமாகப் பிரிக்கிறார்கள். நிலவுக்கு 12 மணி 25 நிமிடத்தில் ஒரு தாளம், சூரியனுக்குச் சரியாக 12 மணியில் ஒன்று, நிலவு நெருங்கி விலகுவதற்கு இன்னொன்று. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் முதல் இரண்டும் ஒன்றாக அடிக்கும், தண்ணீர் உயரும். எல்லாத் தாளத்தையும் மறுபடி கூட்டினால் வருங்காலம் கிடைக்கும்! 1872-இல் இயற்பியலாளர் கெல்வின் இதற்கென்றே கப்பிகளும் கயிறுமாக ஓர் எந்திரம் வடிவமைத்தார். பின்னால் லிவர்பூல் ஓத ஆய்வகம் 40 தாளங்களைக் கூட்டும் எந்திரத்தை வைத்துக்கொண்டு உலகத் துறைமுகங்கள் பலவற்றுக்கு அட்டவணை போட்டது; வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். 1944-இல் நார்மண்டியில் படை இறங்குவதற்கான ஓதத்தையும் அங்கேதான் கணக்கிட்டார்கள். மலாக்கா நீரிணைச் சேற்றுக்கரைக்கும் நார்மண்டிக்கும் ஒரே கணக்குத்தான்.

இப்போது எந்திரத்தின் இடத்தில் கணினி. கடற்படையின் நீர்வரைவியல் மையம் ஆண்டுதோறும் ஓத அட்டவணை வெளியிடுகிறது. லூமுட்டிலிருந்து கிள்ளான் துறைமுகம் வரை தெற்கே போகப் போக ஏற்றம் கூடும்; கிள்ளானில் அது ஏறத்தாழ ஐந்து மீட்டரைத் தொடும். ஆகையால் லூமுட் எண்ணை நம்பிப் பாகான் டத்தோக்காரர் படுத்துறங்க முடியாது. இடத்துக்கு இடம் தனி எண். அதை வடிகால் நீர்ப்பாசன இலாகா எச்சரிக்கையாக்கும், பிறகு வாட்சப். மலாயில் வந்ததைப் பேத்தி தமிழாக்குவதுதான் கடைசிக் கட்டம்.

கப்பல் மாலுமிக்கு அதே எண், கப்பல் தரை தட்டாமல் துறைக்குள் நுழையும் நேரம். ஊத்தான் மெலிந்தாங் மீனவருக்கு, பெர்னாம் ஆற்று முகத்துச் சேற்றைப் படகு தாண்டும் நேரம். தோட்டத்தில் அதற்கு இன்னொரு வேலை. டேனிஷ் பொறியாளர் வெஸ்டென்ஹோல்ஸ் 1906-இல் இதே பக்கத்து ஜெண்டராத்தாவில் ரப்பர் கம்பெனி தொடங்கினார். ரப்பர் மரத்துக்கு வேரில் நீர் நின்றால் ஆகாது. கடலோரத் தாழ்நிலத்தில் தென்னையும் பிறகு செம்பனையும் நிலைத்ததில் வியப்பில்லை. கரை கட்டி, வாய்க்கால் வெட்டி, மதகு வைத்துத்தான் அந்த நிலம் நிலமாயிற்று. வற்றத்தில் மதகு திறந்து தோட்டத்து நீர் வெளியேற வேண்டும்; ஏற்றத்தில் மூட வேண்டும். ஆக, தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வாய்க்கால் மடை பழகி வந்த தோட்டத் தொழிலாளர்கள் இங்கே கடலுக்கு மடை காத்தார்கள். காவிரியில் தண்ணீர் வருமா என்பது கவலை. இங்கே எத்தனை மணிக்கு வரும் என்பது.

இந்த எண்ணை நான் மதிக்கிறேன். ஆனால் அதற்குத் தெரிந்தது நிலவும் சூரியனும்தான். காற்று தெரியாது. காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரும். அட்டவணை அச்சான நாளில் அது யாருக்குத் தெரியும்? அலையையும் காற்றையும் வானிலைத் துறை தனியே சொல்கிறது. அங்கும் ஒரு சிக்கல். சுமத்ரா பக்கம் இரவில் திரளும் புயல்மழைக்கோடு விடியலுக்கு முன் நம் கரையில் அடிக்கும். அதற்குப் பெயரே 'சுமத்ரா'. முந்தின நாளே இடமும் மணியும் குறித்துச் சொல்வது கடினம். ராடாரில் தெரியும்போது சின்னப் படகுக்குக் கிடைப்பது சில மணி நேரம். ஓதத்தை ஓராண்டுக்கு முன்பே நிமிடக் கணக்கில் சொல்ல முடிகிறது, காலைக் காற்றை முந்தின மாலை சொல்ல முடியவில்லை! அட்டவணை உயரத்தின் மேல் காற்றும் சேர்ந்து தள்ளும் நாளில்தான் கரை உடையும்.

வடக்கே கோல குராவ் பக்க மீனவர்கள் ஆண்டுக் கடைசியின் பெரிய ஓதத்தைப் 'பாசாங் கெலிங்' என்கிறார்கள். தீபாவளியையொட்டி வருவதால் அந்தப் பெயராம். 'கெலிங்' என்பது இந்தியர்களான நம்மைக் குத்தும் சொல்தான். ஆனாலும் அதற்குள் ஒரு சரியான கவனிப்பு இருக்கிறது: தீபாவளி ஐப்பசி அமாவாசையை ஒட்டியே வரும், ஆண்டுக் கடைசியில் நீரிணையின் சராசரி மட்டமும் உயர்ந்திருக்கும். லிவர்பூல் எந்திரம் இல்லாமலே யாரோ பண்டிகையை வைத்து ஓதம் கணித்திருக்கிறார்.

தாத்தா வாசல் கால்வாய்ச் சுவரில் கரிக்கட்டியால் கோடு போட்டிருக்கிறார், போன வருஷம் தண்ணீர் நின்ற இடம். அட்டவணை சொன்ன நேரத்துக்கு வெளியே வந்து நாற்காலி போட்டு உட்காருவார். தண்ணீர் கோட்டைத் தொடாமல் திரும்பினால் உள்ளே போய்ப் படுப்பார். நாளைய ஏற்றம் இன்றைவிட ஐம்பது நிமிடம் பிந்தி வரும் என்பதால், அலாரத்தைத் தள்ளி வைக்கச் சொல்வார் பேத்தியிடம்.