முரசு பறிக்கப்பட்டபோது



1739 செப்டம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை. தென் கரோலினாவின் ஸ்டோனோ ஆற்றருகே அடிமைகளாயிருந்த ஆப்பிரிக்கர் முரசு கொட்டி விடுதலை தேடிப் புறப்பட்டனர். கிளர்ச்சி இரத்தத்தில் ஒடுக்கப்பட்டது. 1740இன் சட்டம் அடிமைகளுக்கு எழுதக் கற்பிப்பதையும் முரசையும் கொம்பையும் தடைசெய்தது. எழுத்துக்கு அஞ்சியதுபோலவே முரசுக்கும் அஞ்சினார்கள், கவனித்தீர்களா?

முரசு போயிற்று, தாளம் போகவில்லை. அண்டையிலுள்ள ஜார்ஜியாவின் கடலோரத்தில் விசுவாசிகள் வட்டமாய்ச் சுற்றிவந்து, கைதட்டி, பாதங்களைத் தரையில் உரசிப் பாடினார்கள். ஒருவர் துடைப்பக் கட்டையால் பலகைத் தளத்தை இடித்துத் தாளம் காத்தார். இதற்கு 'ரிங் ஷவுட்' என்று பெயர். பாதங்கள் ஒன்றையொன்று குறுக்கிடலாகாது; குறுக்கிட்டால் அது நடனமாம், ஆராதனை அன்று! (நம் பாட்டிமாரின் கண்டிப்பு எனக்கு நினைவுக்கு வருகிறது.)

அங்கே மகின்டாஷ் வட்டாரத்துச் சபையார் ஆண்டின் கடைசி இரவு ஆராதனையில் இதைத் தலைமுறைகளாய்க் காத்து வந்திருக்கிறார்கள். டிசம்பர் 31 இரவு நாமும் ஆலயத்தில் கூடுவோமல்லவா? அப்போது அந்தக் கட்டையின் ஓசையை எண்ணிக்கொள்ளுங்கள்.