ஏரியில் தொடங்கும் சந்தை

புதுவையின் பெரிய மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள் காய்களை இரண்டாகப் பிரித்துப் பேசுவார்கள்: நாட்டுக்காய், இங்கிலீஷ் காய். கேரட்டும் கோஸும் ஆண்டு முழுவதும் லாரியில் வந்து இறங்குகின்றன. மொச்சைக்கும் பனங்கிழங்குக்கும் தை மாதம் வேண்டும்; நுங்குக்குச் சித்திரை வேண்டும். இந்த மாதக் கணக்கை வானம் மட்டும் எழுதிவிடவில்லை. ஏரியும் வாய்க்காலும், அவற்றைப் பேணிய அல்லது புறக்கணித்த அரசுகளும் சேர்ந்தே எழுதின. ஆகவே நகரச் சந்தையின் வரலாற்றை நகரத்துக்குள் மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும். மீதிப் பாதி வில்லியனூரிலும் பாகூரிலும் இருக்கிறது.

பாகூர் ஏரி, ஊசுட்டேரிக்கு அடுத்தபடியாகப் புதுவைப் பகுதியின் பெரிய ஏரி. தென்பெண்ணையின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் அதற்கு நீர் கொணர்கிறது. பங்காரி, சிங்காரி என்னும் சகோதரியர் இருவரோடு அந்த வாய்க்காலை இணைத்துச் சொல்வது ஊர் வழக்கு. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று இங்கே நெல்லுக்கு மூன்று பட்டங்கள். இப்பகுதியின் கடலோர விளிம்பில் இருக்கும் மணப்பட்டில் மண்ணின் குணம் மாறிவிடுகிறது. மணற்பாங்கான அந்நிலம் சவுக்குக்கும் தென்னைக்கும் பனைக்கும் உரியது. கரையோரக் குப்பங்களின் மீனுக்கும் பருவம் உண்டு. அங்கே பருவத்தைச் சட்டமும் வகுக்கிறது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடை.

இந்த மண் பிறரை ஊட்டிய செய்தி மிகப் பழையது. 1879இல் பாகூரில் கிடைத்த செப்பேடுகள், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், அதாவது ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பாகூரிலிருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் கொடையளிக்கப்பட்டதைக் கூறுகின்றன. கல்விக்கூடம் நடக்க வேண்டுமானால் முதலில் விளைநிலம் வேண்டும் என்பதை அக்காலத்தவர் அறிந்திருந்தனர்.

பிரெஞ்சுக்காரரும் இதை விரைவிலேயே அறிந்துகொண்டனர். துய்ப்ளேக்ஸின் காலத்தில், 1749 அளவில், வில்லியனூர், பாகூர்ப் பகுதிகள் அவர்கள் கைக்கு வந்தன. 1752இல் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் பாகூரிலேயே போர் நடந்தது. 1760இல் ஆங்கிலத் தளபதி கூட் வில்லியனூரைக் கைப்பற்றி நகரை வளைத்தபோது, கோட்டை மதில்களைவிடப் பெரிய சிக்கலாக எழுந்தது பசி. தானியத்தை மிச்சப்படுத்துவதற்காக லாலி உள்ளூர் மக்களை நகரைவிட்டு வெளியேற்றினார். முற்றுகையிட்டோர் அவர்களைக் கடந்து போகவிட மறுத்தனர். இரு படைகளுக்கும் இடையே அம்மக்கள் பல நாட்கள் தவித்தனர். 1761 ஜனவரியில் நகரம் சரணடைந்தது. சுற்றுக் கிராமங்களை இழந்த நகரம் என்னவாகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆபத்து வேறு உருவில் வந்தது. நம் பக்கத்தில் மணிலா என்றும் மல்லாட்டை என்றும் சொல்லும் நிலக்கடலை, மர்சேய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்காகப் புதுவைத் துறைமுகத்தில் கப்பலேறியது. எதைப் பயிரிடுவது என்பதை உள்ளூர் அடுப்போடு தொலைதூர ஆலையும் தீர்மானிக்கத் தொடங்கியது. காசு வந்தது, உண்மைதான். ஆனால் விலை எங்கோ கடல் கடந்து முடிவாயிற்று.

விலையை யார் முடிவு செய்வது என்ற அந்தக் கேள்விக்கு நம் காலத்தில் சொல்லப்பட்ட ஒரு விடைதான் உழவர் சந்தை. பஞ்சாபில் 1987இல் அப்னி மண்டி. ஆந்திராவில் 1999 ஜனவரியில் ரைத்து பஜார். அதே ஆண்டு நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் தமிழகத்தின் முதல் உழவர் சந்தை. உழவருக்கு அடையாள அட்டை, வாடகையில்லாக் கடை, எடைத் தராசு. மொத்த விலைக்குச் சற்று மேலும் சில்லறை விலைக்குக் கீழுமாக அன்றன்று குறிக்கப்படும் விலை. தரகரை விலக்கியது பெரிய காரியம். ஆயினும் தராசைப் பிடிப்பவர் யார் என்பதைத்தான் அத்திட்டம் மாற்றியது. ஏரியில் நீர் இருக்குமா, வயல் வயலாகவே இருக்குமா என்பவை அதன் வரம்புக்கு வெளியே நின்றன.

2020 மார்ச்சில், கொரோனா ஊரடங்கின்போது, புதுவையின் முதல் முதலமைச்சர் எதுவார் குபேர் பெயரைத் தாங்கிய பெரிய மார்க்கெட்டின் காய்கறிக் கடைகள் புதிய பேருந்து நிலையத்துக்கு மாற்றப்பட்டன. பின்னர் மார்க்கெட்டை இடித்துக் கட்டும் திட்டம் பேசப்பட்டு, வியாபாரிகள் எதிர்த்தனர். கடைக்காரர்களின் கவலை நியாயமானது. ஆனால் சந்தை இடம் மாறலாம், மீண்டும் கட்டப்படலாம். பேருந்து நிலையத்திலும் அது நடந்ததைக் கண்டோம். மனைப்பிரிவாக அளக்கப்பட்டுவிட்ட நன்செய் அப்படித் திரும்பி வராது.

பாகூர்ச் சாலையில் அடுத்தமுறை செல்லும் நண்பர்கள் இருபுறமும் நடப்பட்டிருக்கும் கற்களைக் கவனிக்க வேண்டுகிறேன். அவற்றில் எத்தனை வரப்புக் கற்கள், எத்தனை மனைக் கற்கள்? வருகிற தைமாதச் சந்தையில் நாட்டுக்காய்க்கு எவ்வளவு இடமிருக்கும் என்பதை ஏறத்தாழ அங்கேயே கணக்கிட்டுவிடலாம்.